கழுகுக்கு யார் சோறு போட்டது?

நீட் கோச்சிங்கில் உட்கார்ந்த யாருக்கும் அந்தக் கழுகைத் தெரிந்திருக்கும். நாற்பது வயதில் அதன் அலகு மழுங்கிவிடுமாம். மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். ஐந்து மாதம் வலியோடு காத்திருந்து, புது அலகு முளைத்ததும் இன்னும் முப்பது வருஷம் பறக்குமாம். நாமக்கல் பக்கம் நான் தங்கிப் படித்த இடத்தில் மாதத்துக்கு ஒரு மோட்டிவேஷன் வகுப்பு நடக்கும். பேச்சாளர் மாறுவார், கழுகு மாறாது.

கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் விலங்கியல் படிப்பவர்கள். அலகின் மேலுறை கெரட்டின், நம் நகம் மாதிரி தேயத் தேய வளரும். அதை அடியோடு உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியில் செத்துப்போகும். பக்கத்தில் இருந்த என் ரூம்மேட் காதோரம் கேட்டாள்: "அஞ்சு மாசம் அதுக்கு யாருடீ சோறு போட்டா?"

அன்றைக்குச் சிரித்தோம். மனவுறுதி பற்றி இதுவரை நான் கேட்டதில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

முதல் முறை 720க்கு என்னைவிட அவள் 14 மதிப்பெண் அதிகம். இரண்டு பேருக்கும் சீட் கிடைக்கவில்லை. என் அப்பா அரசு ஊழியர். ஜி.பி.எஃப். பணத்தில் கை வைத்து எனக்கு இன்னொரு வருஷம் வாங்கித் தந்தார். அவள் அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். முதல் வருஷக் கடனுக்கே வட்டி கட்டி முடியவில்லை. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள், நீட்டுக்காகவே பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாறினாள். அதனால் 7.5 சதவீத ஒதுக்கீடும் போச்சு. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அவள் பி.எஸ்சி. சேர்ந்தாள். நான் மறுபடி எழுதி மருத்துவக் கல்லூரிக்குள் போனேன்.

போன வருஷம் அதே இடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'விழுந்தாலும் எழு'. நாலரை மணி அலாரம், தப்புகளை எழுதிவைத்த நோட்டு என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். ஜி.பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நீட் வருவதற்கு முந்தைய 2016-17இல், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் சுமார் 12 சதவீதம். 2020-21இல் சுமார் 71 சதவீதம். அதாவது, பத்தில் ஏழு பேர் காத்திருந்து உள்ளே போயிருக்கிறார்கள். காத்திருக்க வசதி உள்ளவர் யார் என்று சலித்தெடுக்கிற தேர்வுக்கு, காத்திருப்பதே குணச்சிறப்பு என்று ஒரு கதையும் தேவைப்படுகிறது. அந்தக் கதையை விற்பதும், இரண்டாம் வருஷத்துக்குக் கட்டணம் வாங்குவதும் ஒரே கைதான்.

"அப்போ உழைப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நான் உழைத்தேன், அவளும் உழைத்தாள். அதனால்தான் சொல்கிறேன், எங்கள் இருவரையும் பிரித்தது உழைப்பு இல்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு என்னிடம் மந்திரம் எதுவும் கிடையாது. எத்தனை வருஷம், எவ்வளவு பணம் என்று வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே பேசி ஒரு கோடு போடுங்கள். வேறொரு படிப்புக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், அது துரோகம் ஆகாது. தூங்குங்கள். மனசு ரொம்பக் கனத்தால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கோட்டைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டால், உங்களைக் கோழை என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

அவள் நிறுத்திக்கொண்டது பலவீனத்தால் இல்லை, வீட்டுக் கணக்கு தெரிந்ததால். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைப் பற்றிப் பேச யாரும் அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை.

அடுத்த முறை மேடையில் கழுகு வந்தால், கையைத் தூக்கி அவள் கேட்டதைச் சத்தமாகக் கேளுங்கள்.