சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி யாருக்கு?

போன மாதம் பெங்களூரில் ஒரு கல்யாணம். பேரன் செல்போனிலேயே பஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு என் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்தோம். பிடித்தம் போக 1,840 ரூபாய் திரும்பி வந்தது. வங்கிக் கணக்குக்கு அல்ல, அந்த நிறுவனத்தின் 'வாலட்'டுக்கு.

"இதை பேங்குக்கு மாத்திக் கொடுடா" என்றேன்.

"முடியாது தாத்தா. அடுத்த தடவை டிக்கெட் போடும்போது கழிச்சுக்குவாங்க."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, நாம அடுத்த தடவை எப்போ போகப் போறோம்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 34 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் வேறொரு கேள்விதான் மனதில் ஓடியது. அதுவரை அந்தப் பணம் யாருக்கு வேலை செய்யும்?

இதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடும் முறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி தேதி வரை எந்த நாளில் இருப்பு மிகக் குறைவோ, அந்தத் தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. 12ஆம் தேதி பணம் போட்டால் அந்த மாதம் அதற்கு வட்டி இல்லை. 28ஆம் தேதி எடுத்தால், அதுவரை இருந்த நாட்களுக்கும் இல்லை.

எங்கள் கிளைக்கு பூ விற்கும் அம்மா ஒருவர் வருவார். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், 12, 13ஆம் தேதி வாக்கில் கொண்டுவந்து கட்டுவார். பல மாதம் நானே வாங்கி லெட்ஜரில் பதிந்திருக்கிறேன். ஒருநாள் மனசு கேட்காமல், "இரண்டு நாள் முன்னாடி கொண்டு வாம்மா" என்றேன். அவர் சிரித்தார். "முன்னாடி வந்தா முன்னாடி தர மாட்டேனா சாமி?" வட்டியைப் பற்றி நான் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. 2010 ஏப்ரல் முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த அம்மாதான்.

இப்போது வாலட்டுக்கு வருவோம். இதில் இரண்டு வகை. பல கடைகளில் செலவழிக்கக்கூடியது ஒன்று. இதை நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். வங்கி அல்லாத நிறுவனமானால் நம் பணத்தை ஒரு வங்கியில் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமக்கு வட்டி கிடையாது. தரக்கூடாது என்பதே விதி. அதே சமயம், வருடம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொத்த இருப்பு எவ்வளவு கீழே இறங்கியது என்று பார்த்துச் சராசரி எடுத்தால் வரும் அடிமட்டத் தொகைக்கு நிறுவனம் வட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, ஒரே நிறுவனத்திடம் மட்டும் செல்லுபடியாவது. என் 1,840 அந்த வகை. இதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை. பணமாகவும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஒரு பேச்சுக்கு, ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 200 ரூபாய் விட்டுவைத்தால் இரண்டு கோடி. ஆறு சதவீதம் என்றால் வருடத்துக்கு 12 லட்சம். எனக்கு நஷ்டம் 12 ரூபாய். ஒரு காபிக்குக்கூடப் போதாது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

"அவர்களும் பிழைக்க வேண்டாமா? யுபிஐக்குக் கட்டணமே வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே" என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. லாபம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மணியார்டருக்கு நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன் கொடுத்தவர்கள்தானே நாம்? அதை ஜன்னலிலேயே சொல்லி வாங்கினார்கள். இஷ்டமிருந்தால் அனுப்பினோம். சொல்லாமல் எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. வங்கியில் பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. வங்கி அதை லாபமாக்கிக்கொள்ள முடியாது. ஆனால் வங்கி அல்லாத நிறுவனத்தின் வாலட் காலாவதியாகி மூன்று வருடம் ஆனால், மிச்சத்தைத் தன் லாபக் கணக்கில் சேர்க்கலாம். அதற்குப் பிறகு கேட்டாலும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. செத்துப்போனவரின் செல்போனில் என்ன கிடக்கிறது என்று எந்தப் பிள்ளை போய்க் கேட்கும்?

என் கட்சி இதுதான். எந்த வழியில் போன பணமோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும்; வாலட் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். அடிமட்ட இருப்பின் வட்டியை, ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்தவர்களுக்கான நிதியில் சேர்க்கலாம். கேட்பாரற்ற மிச்சம், வங்கிப் பணத்தைப் போலவே பொது நிதிக்குப் போகட்டும்.

அதுவரை நம் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. வாலட்டில் மொத்தமாகப் போட்டு வைக்காதீர்கள். யுபிஐயில் கணக்கிலிருந்தே கொடுத்தால், கொடுக்கும் நிமிடம் வரை பணம் உங்கள் வங்கியில் வட்டியோடு இருக்கும். எந்தெந்த வாலட்டில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். நானும் எழுதிவிட்டேன். முதல் வரி, பஸ் டிக்கெட், 1,840 ரூபாய்.

மனைவிக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. பெங்களூர் போகத்தான் காரணம் கிடைக்கவில்லை.