மாறும் உணவுப்பட்டியலும் மாறாத பத்தியமும்

பள்ளி விடுமுறை நெருங்கும் மாதங்களில் எங்கள் உணவியல் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாழும் பிள்ளைகள், பெற்றோரை வரவழைத்துப் பேரப்பிள்ளைகளோடு ஒரு வாரம் உல்லாசக் கப்பலில் சென்றுவரத் திட்டமிடுகிறார்கள். பயணச்சீட்டு பதிவாகிவிட்டது, மருத்துவரும் இசைவு தந்துவிட்டார். "கப்பலில் அப்பா எதைச் சாப்பிடுவார்?" என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது.

சென்ற ஆண்டு இக்கேள்விக்கு நாங்கள் அளித்த விடை ஒன்று தவறாகிப் போயிற்று. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுவதே முறை. இதயச் செயல்திறன் குறைந்து, உப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய முதியவர் ஒருவரின் மகள், கப்பலின் உணவுப்பட்டியலை அச்சிட்டுக் கொண்டுவந்தார். 'நாள்தோறும் கிடைப்பவை' என்ற தலைப்பின்கீழ் மசாலா இல்லாமல் வாட்டிய கோழி, சுட்ட உருளைக்கிழங்கு, ஆவியில் வெந்த காய்கறி ஆகியவை இருந்தன. அவற்றுக்கு எதிரே குறியிட்டு, "இவை போதும், கவலையின்றிச் சென்று வாருங்கள்" என்று அனுப்பினோம். கப்பலில் ஏறிய பிறகுதான் அந்தத் தலைப்பே நீக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஒவ்வோர் இரவும் பரிமாறுபவரை அழைத்துத் தனிச் சமையல் கேட்க அவர் கூச்சப்பட்டார். பேரப்பிள்ளைகளைக் காக்கவைக்கவும் மனமில்லை. மற்றவர்கள் உண்ட சூப்பையும் பாலாடைக்கட்டி சேர்ந்த உணவையுமே உண்டார். ஐந்தாம் நாள் கால்கள் வீங்கி, மூச்சுத்திணறல் கண்டது. கப்பலின் மருத்துவப் பிரிவில் முதலுதவி பெற்று, ஊர் திரும்பியதும் எங்கள் வார்டில் சேர்ந்தார். இன்று நலமாக இருக்கிறார்.

நாங்கள் குறியிட்ட பட்டியல் பழையது. அதன் தேதியை நாங்கள் கேட்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல்களின் உணவுக்கூடங்களில் நிகழும் மாற்றங்களைச் சற்று அக்கறையோடு கவனிக்கத் தொடங்கினோம். நோயாளிகளின் நிலையிலிருந்து நோக்கும்போது எங்களுக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறோம்.

மாற்றங்கள் பலவகையானவை. ராயல் கரீபியன் நிறுவனம் 2023-இல் தன் கப்பல்களின் முதன்மை உணவுக்கூடப் பட்டியலைப் புதுப்பித்தது. இத்தாலிய இரவு, பிரெஞ்சு இரவு, மெக்சிக இரவு என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கருப்பொருள் வகுக்கப்பட்டது. முன்பு எந்த நாளிலும் கேட்டுப் பெறக்கூடியதாக இருந்த சில வகைகள் குறிப்பிட்ட இரவுகளுக்கு மட்டும் உரியவை ஆயின. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில், முதன்மை உணவு இரண்டுக்கு மேல் வேண்டுவோர் கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 5 டாலர் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. அச்சிட்ட அட்டைக்கு மாற்றாகக் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பட்டியலைப் படிக்கும் வழக்கமும் பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் பரவிவிட்டது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லாயிரம் பேருக்கு ஒரே மாலையில் சமைத்துப் பரிமாறுவது எளிதன்று. பட்டியல் சுருங்கினால் சமையற்கூடத்தின் சுமை குறையும்; உணவு சூடாகவும் விரைவாகவும் மேசைக்கு வரும்; வீணாகிக் கடலோடும் குப்பையோடும் சேர்வதும் குறையும். பொருள் வீணாகாமல் இருப்பதை நாங்களும் வரவேற்கிறோம். ஒரே வாரத்தில் ஏழு நாட்டுச் சமையலைச் சுவைக்கக் கிடைப்பது நலமுடன் இருப்போர்க்கு மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சியைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை.

ஆயினும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். 'நாள்தோறும் கிடைப்பவை' என்னும் அந்தச் சிறு பகுதி, பத்தியம் காப்போர்க்குக் கப்பலின் படிக்கட்டில் உள்ள கைப்பிடி போன்றது. பெரும்பாலோர் அதைப் பற்றாமலே ஏறிவிடுவர். பற்றித்தான் ஏற வேண்டியவர்க்கு அது இல்லாவிட்டால் படிக்கட்டே இல்லை. எனவே அதை நீக்குவதைச் சுவை பற்றிய முடிவாக மட்டும் கருதக் கூடாது. யார் அந்த மேசையில் அச்சமின்றி அமரலாம் என்பதையும் அம்முடிவே தீர்மானிக்கிறது.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் சோடியம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவு. உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. உணவகச் சூப் ஒரு கிண்ணமும், பிரட்டும், பாலாடைக்கட்டியும் சேர்ந்தால் முதன்மை உணவு வருமுன்னரே அந்த அளவின் பெரும்பகுதி தீர்ந்துவிடக்கூடும். வீட்டில் உப்பைக் கையால் அளந்து போடுகிறோம். கப்பலில் அது சாற்றிலும் குழம்பிலும் முன்னரே கலந்திருக்கிறது.

சிறுநீரக நோயாளிகளுக்குச் சிக்கல் வேறு. இத்தாலிய இரவின் தக்காளிச் சாற்றிலும் மெக்சிக இரவின் பீன்ஸ், அவகேடோ ஆகியவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. பாலாடைக்கட்டியில் பாஸ்பரஸ் மிகுதி. உப்பில்லாச் சோறும் வாட்டிய கோழியும் எல்லா இரவிலும் கிடைத்தவரை, அவர்கள் கருப்பொருள் எதுவாயினும் பசியாற முடிந்தது. மேலே சொன்ன சுட்ட உருளைக்கிழங்குகூட இதயநோயாளிக்கு ஏற்றதாக இருந்தாலும், பொட்டாசியம் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிக்கு ஏற்றதன்று. ஒருவர் பத்தியம் மற்றவர்க்குப் பத்தியமாகாது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்வோரை எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் நாங்கள் கீரையை விலக்கச் சொல்வதில்லை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணுங்கள் என்றே சொல்கிறோம். கீரையில் உள்ள வைட்டமின் கே திடீரெனக் கூடினாலும் குறைந்தாலும் மருந்தின் செயல் மாறும். இவர்களுக்கு உணவின் மாறாத தன்மையே மருந்தின் ஒரு பகுதி.

ஒவ்வாமை உடைய குழந்தைகளின் பெற்றோர் படும் பாடு இன்னும் கடினம். நமக்கு நல்லெண்ணெயாகப் பழகிய எள், பலருக்குக் கடும் ஒவ்வாமை தருவது. அமெரிக்கா 2023 ஜனவரி 1 முதல் எள்ளை 9-ஆவது பெரும் ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்து, பொட்டலமிட்ட உணவுகளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் வகுத்தது. ஆனால் தட்டில் வைத்துப் பரிமாறப்படும் உணவுக்கு ஒட்டுத்தாள் இல்லை. அங்கே பரிமாறுபவரின் அறிவும் பொறுப்புமே காப்பு. பட்டியல் நாள்தோறும் மாறும்போது அவரும் நாள்தோறும் புதிதாகக் கேட்டறிய வேண்டியவர் ஆகிறார்.

மாற்றமும் அக்கறையும் ஒன்றாக இயலும் என்பதற்குச் சான்று கப்பல் தொழிலிலேயே உண்டு. டிஸ்னி நிறுவனம் 1998-இல் தன் முதற்கப்பலைக் கடலில் இறக்கிய காலந்தொட்டு ஒரு முறையைக் கைக்கொள்கிறது. குடும்பங்கள் இரவுக்கு ஓர் உணவுக்கூடமாகச் சுழன்று உண்கின்றன. பரிமாறும் பணியாளர்களும் அவர்களோடு உடன் சுழல்கிறார்கள். கூடமும் பட்டியலும் மாறும். குழந்தைக்கு எது ஆகாது என்று அறிந்தவர் மாறுவதில்லை. முதல் இரவு சொன்னதை அடுத்த இரவு மீண்டும் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டிய தேவை குறைகிறது. இதைத்தான் நாங்கள் எல்லா நிறுவனங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

"கேட்டால் தனியாகச் சமைத்துத் தருகிறார்களே, பிறகென்ன குறை?" என்று சிலர் வினவலாம். உண்மைதான். பெரிய கப்பல்களில் முன்கூட்டிச் சொன்னால் உப்புக் குறைத்த உணவும், கோதுமைப் பசையம் நீக்கிய உணவும் தருகிறார்கள். தலைமைப் பரிசாரகர் மறுநாள் பட்டியலை முதல்நாள் இரவே காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொள்வதும் வழக்கம். ஆனால் கேட்பது எல்லோர்க்கும் ஒரே அளவு எளிதன்று. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பாட்டியும், பிறர்க்குத் தொல்லை தரக் கூடாது என்றே வாழ்நாள் முழுதும் பழகிய தாத்தாவும், நோயைப் பிறர் அறிய விரும்பாத இளைஞரும் கேட்கமாட்டார்கள். அட்டையில் அச்சிட்டிருந்தால் விரலால் சுட்டிக் காட்டியிருப்பார்கள். கைப்பேசித் திரையில் சிற்றெழுத்தைப் படிக்க இயலாத முதியவர், அருகில் இருப்பவர் உண்பதையே தமக்கும் சொல்லிவிடுகிறார். எங்கள் முதியவர்க்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே கப்பல் நிறுவனங்கள் மூன்று செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. எத்துணைக் கருப்பொருள் இரவுகள் வந்தாலும், மசாலாவும் உப்பும் சேராத நான்கைந்து எளிய வகைகள் எல்லா இரவிலும் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பட்டியலிலும் அது நடைமுறைக்கு வந்த தேதி இருக்க வேண்டும். கேட்போர்க்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டை தயங்காமல் தரப்பட வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

நம் கரையிலும் இது பொருந்தும். 2022 ஜூன் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்படலாயிற்று. 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கப்பலே இங்கு கார்டீலியா என்னும் பெயரில் இயங்கும் நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலாக வந்தது. சமண உணவுக்கும் அதில் ஏற்பாடு உண்டு. சமயம் சார்ந்த உணவுமுறைக்குக் காட்டும் அதே மதிப்பை மருத்துவம் சார்ந்த உணவுமுறைக்கும் காட்டுவது கடினமாக இராது என்று நம்புகிறோம்.

நிறுவனங்கள் மாறும்வரை நம் பங்கை நாம் செய்ய வேண்டும். பதிவு செய்யும்போதே பத்தியத்தை எழுத்தில் தெரிவியுங்கள். பதிலையும் எழுத்தில் பெறுங்கள். எங்களிடம் கொண்டுவரும் பட்டியல் உங்கள் பயணத் தேதிக்கு உரியதா என்று உறுதி செய்யுங்கள். இனி நாங்களும் தேதி இல்லாத பட்டியலில் குறியிடுவதில்லை. உண்ணத்தக்கவை இவை என்று உணவின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், ஆகாதவை எவை, அவை எந்த உணவில் மறைந்திருக்கும் என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதித் தருகிறோம். பட்டியல் மாறினாலும் அந்த அட்டை பயன்படும்.

கப்பலில் ஏறிய முதல் நாளே, கூட்டம் சேருமுன், குடும்பத்தில் ஒருவர் தலைமைப் பரிசாரகரைக் கண்டு அட்டையைக் கொடுங்கள். அந்தப் பொறுப்பை நோயாளியின்மீது சுமத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர் உடன் வந்தால் மாலையின் முதற்பந்தியைத் தேர்ந்தெடுப்பது நலம். உணவுக்குமுன் போடும் விரைவு இன்சுலினை, கூடத்துக்குப் புறப்படும்போதே போட்டுவிட்டு உணவுக்காகக் காத்திருக்க வேண்டாம். எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். கல்லீரல் நோயுள்ளவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பச்சைச் சிப்பியை அறவே தவிர்க்க வேண்டும். பஃபேயில் உண்ணுமுன் சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுங்கள்; நோரோ வைரசுக்குக் கைத்தெளிப்பான் மட்டும் போதாது. மருந்துகளைப் பெரிய பெட்டியில் அனுப்பாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு சொல். பத்திய உணவு கேட்பது பிறர்க்குத் தொல்லை தருவதாகாது. அதற்கும் சேர்த்தே நீங்கள் பணம் செலுத்தியிருக்கிறீர்கள். கேட்காமல் உண்டு நோயுற்றால், உடன் வந்தவர்கள் அனைவரின் விடுமுறையும் மருத்துவப் பிரிவின் வாயிலில் கழியும்.

அந்த முதியவர் இவ்வாண்டும் பேரப்பிள்ளைகளோடு கப்பலில் செல்ல விரும்புகிறார். மகள் மீண்டும் பட்டியலோடு வந்திருந்தார். இம்முறை அதில் தேதி இருந்தது. நாங்கள் அட்டையை எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் நாள் அதைப் பரிசாரகரிடம் கொடுக்கும் பொறுப்பைப் பன்னிரண்டு வயதுப் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.