தகுதி என்னும் பழைய கேள்வி

வானூர் வட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிடக்கும் எல்லைக்கோடு நேராகச் செல்வதில்லை. ஊசுட்டேரியில் ஒரு பகுதி இங்கே, மறுபகுதி அங்கே. ஒரு வரப்பைத் தாண்டினால் ஆட்சி மாறும், இன்னும் சில வரப்புகளைத் தாண்டினால் பழைய ஆட்சியே திரும்பி வரும். ஐரோப்பியரின் போர்களும் உடன்படிக்கைகளும் விட்டுச்சென்ற இந்தக் கோணல், மக்களாட்சியின் குணத்தையும் குற்றத்தையும் நிதானமாக எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அரிய வாய்ப்பு. மண் ஒன்று, மொழி ஒன்று, கொள்வினை கொடுப்பினையால் பின்னிய குடும்பங்களும் ஒன்றே. ஆனால் 1871க்குப் பிறகு வரப்புக்குத் தெற்கே வாழ்ந்த ஆண்களுக்கு பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இருந்தது. வடக்கே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த அவர்களுடைய மைத்துனர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தெற்கத்தி வாக்கின் கதை பெருமைக்குரியதன்று. 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியர், தம் சாதி சமய வழக்குகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், துறக்காதவர்கள். கையளவே இருந்த ஐரோப்பியருக்கு உள்ளூர்ச் சபைகளில் பெரும்பங்கு கிடைக்க அந்த ஏற்பாடு வழிசெய்தது. இறந்துபோனவர்களின் பெயரில் வாக்கு விழுந்ததும், தடியாட்கள் வாக்குச்சாவடி வாசலில் நின்றதும் புதுச்சேரித் தேர்தல்களில் நெடுங்காலம் தொடர்ந்தவை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் இந்த ஊர்களின் வெயிலையே அறியாத பிரெஞ்சுக்காரர்கள். இத்தகைய தேர்தலைக் கண்ட ஒருவர், இந்த மக்களுக்கு மக்களாட்சி ஒத்துவராது என்று முடிவுகட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் பக்கத்தில் அந்த முடிவே ஆட்சித் தத்துவமாக இருந்தது. 1919, 1935 சீர்திருத்தங்களுக்குப் பிறகும், வரி கட்டும் அளவையும் சொத்தையும் படிப்பையும் வைத்தே வாக்குரிமை அளந்து கொடுக்கப்பட்டது. தெற்கே வாக்கு திருடப்பட்டது, வடக்கே அது பெரும்பாலோருக்குத் தரப்படவேயில்லை. எந்தப் பக்கத்து முன்னோர் அதிகம் இழந்தார்கள் என்று கேட்டால், வடக்கத்தியாரே என்பது என் எண்ணம். திருட்டுக் கொடுத்தவனுக்கு, இது என்னுடையது என்று வழக்காடவாவது இடமிருந்தது.

1914இல் நடந்த அத்தகைய தேர்தல் ஒன்றில் பால் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் போட்டியிட்டுத் தோற்றார். அந்தத் தேர்தலை ஒட்டி அவரோடு புதுச்சேரிக்கு வந்தவர் அவர் மனைவி மிர்ரா அல்ஃபாசா. 1920இல் மீண்டும் வந்து நிலைத்து, அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையாகி, 1968 பிப்ரவரி 28ஆம் நாள் வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் ஆரோவில்லைத் தொடங்கிவைத்தவரும் அவரே. வாக்குகளை எண்ணி நடத்தும் ஆட்சியில் அன்னைக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அகவிழிப்புப் பெற்றவர்கள் சட்டமும் தலைவரும் இல்லாமலே ஒழுங்காக வாழ முடியும் என்பது அவர் கனவு. அவர் மறைந்ததும் பூசல் எழுந்தது. 1980இல் ஆரோவில் அவசர ஏற்பாடுகள் சட்டமும், 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. மத்திய அரசு நியமிக்கும் ஆளுகைக் குழு ஒருபுறம், குடியிருப்போர் பேரவை மறுபுறம். 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்களின் நடுவே இயந்திரங்கள் நுழைந்தபோது, முடிவெடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி மூண்டெழுந்து நீதிமன்றங்கள் வரை சென்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆளுகைக் குழுவின் மேலாண்மையை உறுதிசெய்தது. நகரத் திட்டம் நிறைவேற வேண்டும் என்கிறவர்களின் அவசரத்தையும், எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரா என்கிறவர்களின் வேதனையையும் தள்ளிவிட முடியாது. ஆனால் நூறாண்டுத் தொலைவிலிருந்து பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஆரோவில்லில் வாழும் வெளிநாட்டார் தம் பேரவையில் கை உயர்த்தலாம், ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அடுத்திருக்கும் குயிலாப்பாளையத்தாரும் இடையஞ்சாவடியாரும் ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், அந்தப் பேரவையில் அவர்களுக்கு இடமில்லை. ஒரே மழைநீர் இரண்டு பக்கமும் ஓடி ஒரே ஏரியில் விழுகிறது. 1871இல் வரப்பு செய்ததை இப்போது குடியிருப்போர் பதிவேடு செய்கிறது.

இன்னும் பின்னே போனால், இதே சுற்றுவட்டாரத்தில் திருபுவனை இருக்கிறது. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டளவில், அவ்வூர்ச் சபையின் ஆதரவில் 12 ஆசிரியர்களும் 260 மாணவர்களும் கொண்ட கல்லூரி நடந்ததை அவ்வூர் வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. படிப்பிப்போரும் படிப்போரும் ஊர் வாரியப் பணிகளில் சேர வேண்டியதில்லை என்று சபை விலக்களித்ததாம். வாரியம் அன்று நேரத்தையும் உழைப்பையும் தின்னும் கடமை. அதிலிருந்து விடுபடுவது ஒரு சலுகை! வடக்கே உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகளை நாம் எல்லோரும் பள்ளிப் பாடமாகவே அறிவோம். 30 குடும்புகள், குடவோலை, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், வேதப் பயிற்சி. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வரக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. இந்தக் கடைசி விதியை இன்று படிக்கும் எவருக்கும் ஏக்கம் பிறக்காமல் இராது. ஆனால் அந்தக் குடத்தில் ஓலையாக விழக்கூடிய பெயர்கள் யாருடையவை? பிரமதேயத்து நிலவுடைமையாளரான அந்தண ஆண்களுடையவை. வெள்ளான் வகை ஊர்களில் ஊரார் கூடினார்கள், அங்கும் நிலமுடையோரே ஊரார். பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் சோழர் கல்வெட்டுகளில் இடம்பெற்றது, வரி கணக்கிடும்போது கழித்து நிறுத்திய நிலமாகத்தான். கணக்கில் கண்டிப்பாக இருந்த சபை, ஆளெடுப்பில் அதைவிடக் கண்டிப்பாக இருந்தது. அந்தச் சிறப்பும் அந்தக் குறையும் பிரியாமல் ஒன்றாகவே நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

யாருக்குத் தகுதி என்ற கேள்வியை இந்தியா ஒரே வீச்சில் கைவிட்டது 1952 பொதுத்தேர்தலில். எழுதப்படிக்கத் தெரியாத பெரும்பான்மையோரும் படம் பார்த்து வாக்களிக்க, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார்கள். அது நடக்கும் முன்பே, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த உழவர் ஓ. பி. இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதல்வராகியிருந்தார். அதே ஆண்டில் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும், அடுத்த ஆண்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. சிபாரிசுக்கு வளையாதவர் என்று பெயர் எடுத்த அவரை இரண்டாண்டு கடந்ததும் சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கி இறக்கினார்கள். 1949 ஏப்ரலில் பதவி விட்டு, பின்னாளில் வடலூரில் வள்ளலார் வழிப் பணிகளில் ஆழ்ந்தார். நல்லவரைக் கொண்டுவந்ததும் மக்களாட்சியே, அனுப்பிவைத்ததும் அதுவே. 1952இல் முதன்முறையாக எல்லோரும் வாக்களித்தபோது, சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தென்னாற்காட்டிலும் வடஆற்காட்டிலும் வேரூன்றியிருந்த உழைப்பாளர் கட்சி 19 இடங்களும் காமன்வீல் கட்சி 6 இடங்களும் பெற்று, ஆட்சி அமைவதில் பேரம் பேசும் நிலைக்கு உயர்ந்தன. சாதிக் கணக்கு தேர்தலைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலும் அப்போதே தொடங்கிவிட்டது. நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. எண்ணிக்கை இருந்தும் இடமில்லாதிருந்தவர்கள் எண்ணிக்கையால் இடம்பெறக் கண்ட முதல் வழி அது. 1987 செப்டம்பரில் இந்தச் சாலைகளில் வன்னியர்கள் இடஒதுக்கீட்டுக்காக மறியல் செய்து 21 உயிர்களைப் பலிகொடுத்ததும் அதே வழியின் இன்னொரு கட்டம்.

ஆயினும் எண்ணிக்கை நீதியாகிவிடுவதில்லை என்பதை இதே விழுப்புரம் மாவட்டம் கசப்போடு கற்றிருக்கிறது. 1978இல் விழுப்புரம் நகரில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஓமந்தூரார் கோயில் கதவைத் திறக்கச் சட்டம் செய்து 76 ஆண்டுகள் கழிந்து, 2023இல் மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால் அதிகாரிகள் அந்தக் கோயிலையே பூட்டி முத்திரையிட்டார்கள். 2025 ஏப்ரலில்தான் நீதிமன்ற உத்தரவின் துணையோடும் காவல்துறைப் பாதுகாப்போடும் அவர்கள் உள்ளே சென்று வணங்கினார்கள். வானூரும் திண்டிவனமும் விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதிகள். அங்கே நின்று வாக்குக் கேட்கும் உரிமையும், தம் ஊர்க் கோயிலில் நின்று கும்பிடும் உரிமையும் ஒரே வேகத்தில் வந்து சேரவில்லை.

இவையெல்லாம் சட்டமன்றமும் மக்களவையும் சார்ந்த கதைகள். அடித்தளத்தில் நிகழ்ந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். தமிழகத்தில் 1970க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் வந்தது, அதற்கடுத்து 1996இல். 1992இன் 73ஆவது அரசமைப்புத் திருத்தம் இந்த நோயைத் தீர்த்துவிட்டதென்று நம்பினோம். 2016 அக்டோபரில் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. வழக்கு, வார்டு வரையறை, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, பெருந்தொற்று என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை, ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின்றிக் கிடந்தன. தனி அலுவலர்கள் கையொப்பமிட்டார்கள். அவர்களில் நேர்மையாளரும் திறமையாளரும் இருந்தார்கள், ஐயமில்லை. ஆனால் தெருக்குழாயில் நீர் வராதபோது வாசலில் போய் நின்று திட்டக்கூடிய ஒரு மனிதரை ஊர் இழந்திருந்தது. நிதிக்குழு மானியமும் தடைப்பட்டது. 2025 ஜனவரியில், முன்னரே தேர்தல் நடந்திருந்த 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்களிடம் போயின.

ஊராட்சித் தலைவர் பதவி சில ஊர்களில் ஏலத்துக்குப் போகிறது. பெண்களுக்கு ஒதுக்கிய நாற்காலியில் கணவர் உட்கார்கிறார். வாக்குக்குப் பணம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் பழிக்கிறார்கள். இவற்றைக் காட்டி, படித்த அதிகாரியே மேல் என்கிறவர்கள் பெருகிவருகிறார்கள். கால்வேலி நிலம் கேட்ட சபையும், மூன்று பட்டியல் போட்ட பிரெஞ்சு அரசும், வரிரசீது பார்த்த ஆங்கில அரசும் தத்தம் காலத்தில் இதே நியாயத்தைத்தான் சொல்லின. ஒவ்வொன்றும் தன்னைப் பொறுத்தவரை அது பொதுநன்மைக்கே என்று உண்மையாகவே நம்பியது. அவற்றில் எதுவும் தானாக விலகி வழிவிடவில்லை. கணக்குக் காட்டாதவரைத் தள்ளிவைத்த உத்திரமேரூர் விதியை நாம் மறந்துவிட்டு, நிலமில்லாதவரைத் தள்ளிவைத்த விதியின் சாயலை மட்டும் திரும்பத் திரும்பக் கைக்கொள்வது என்னை வருத்துகிறது. பழைய சபையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் விதிதான்: ஊராட்சியின் வரவுசெலவு கிராமசபையில் வரி வரியாகப் படிக்கப்பட வேண்டும், அப்படிப் படித்துக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஐந்தாண்டு 2026 அக்டோபரில் நிறைவடைகிறது. அடுத்த தேர்தலின் நாள் குறிக்கப்படாமல் அந்த மாதம் கடக்குமானால், 1970க்கும் 1986க்கும் இடையிலும், 2016க்கும் 2021க்கும் இடையிலும் இங்கே விழுந்த இடைவெளிகளோடு இன்னொன்றும் சேரும். அதைக் கேட்க வேண்டியவர்கள் வானூரிலும் கிளியனூரிலும் திருவக்கரையிலும் வாழும் நாம்தான்.