அவர் விரும்பிய வீதிக்கு அண்ணலார் வந்தார்கள்

மதீனா நகரில் ஒரு பெண்மணி வாழ்ந்து வந்தார். அவரது அறிவில் ஏதோ ஒரு குறை இருந்தது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஒருநாள் அப்பெண்மணி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்று தமக்கு உண்டு என்றார். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் தம் தோளில் சுமந்திருந்த பெருமானார், பிறகு வருமாறு அவரை அனுப்பிவிடவில்லை. விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து வருமாறும் சொல்லவில்லை. எந்த வீதியில் நின்று பேச விருப்பமோ அந்த வீதியை அவரே தேர்ந்துகொள்ளலாம், தாம் வந்து அவரது தேவையை நிறைவேற்றித் தருவோம் என்றார்கள். அவ்வாறே ஒரு வழியோரத்தில் அவருடன் நின்று, அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை செவி கொடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வாருங்கள். விசைத்தறியின் ஓசை ஓயாத தெரு ஒன்றில் ஒரு தாய் இருக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய மகனுக்கு வயது மூன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. பேச்சு வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள், "அவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்கின்றனர். அண்டை வீட்டார் தாயத்துக் கட்டச் சொல்கின்றனர். இன்னொருவர், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இரு" என்கின்றார். அந்தத் தாய்க்குச் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. அவள் மகனுக்காக எத்தனையோ கதவுகள் திறந்திருக்கின்றன என்பதே அது.

பொறுமை என்பது யாது?

ஸப்ர் என்னும் பொறுமை உயர்ந்த பண்புதான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது பெயரன்று. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம். குழந்தையின் முதல் ஐந்தாண்டுகளில் மூளை மிக விரைவாக வளர்கின்றது. அப்போது அளிக்கும் பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் தருகின்ற பலனைப் பத்து வயதில் அதே அளவில் பெறுவது கடினம். ஓராண்டு நிறைந்தும் பெயரைக் கேட்டுத் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் நடக்காமை, ஒரு சொல்லேனும் பேசாமை, பேசிய சொற்களையும் இழந்துவிடுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. துஆவும் செய்யுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படவும் செய்யுங்கள்.

இன்னொரு செய்தியையும் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீ மூண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோய் வேறு, குழந்தைப் பருவத்தில் தோன்றும் அறிவுவளர்ச்சிக் குறைபாடு வேறு என்பது உண்மையே. ஆயினும் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்து, மறைத்து வைப்பதையும் எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவதையும் தீர்வென்று கருதிய நம் வழக்கத்தின் விலை அது. மூத்தவளுக்கு வரன் அமையாதே என்று தம்பியை அறைக்குள் அடைத்து வைக்கும் வீடுகளுக்கு அந்தத் தீ இன்றும் ஓர் எச்சரிக்கையாகும்.

திறந்திருக்கும் கதவுகள்

இனி அந்தத் தாய்க்கு வழி சொல்வோம். முதல் கதவு அவள் தெருவின் அங்கன்வாடியே. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். வளர்ச்சியில் தாமதம் காணப்பட்டால், மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புகின்றனர். அங்குப் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

இரண்டாவது, சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அரசு மருத்துவர்கள் ஆய்ந்து சான்றளித்த பின்னர், நாடெங்கும் செல்லத்தக்க தனித்துவ அடையாள அட்டை கிடைக்கின்றது. பிற உதவிகளுக்கெல்லாம் இந்த அட்டையே திறவுகோல். குழந்தை வளர வளரச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்; அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குகின்றது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நான்காவது, கல்வி. 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுவது இக்குழந்தைகளின் உரிமை என்று மேற்சொன்ன சட்டம் கூறுகின்றது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்குச் சென்று கற்பிக்கின்றனர். பள்ளிக்கு வரவே இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கவும் ஏற்பாடு உண்டு. ஆகவே, "உங்கள் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று யாரேனும் கூறினால், தலைகுனிந்து திரும்ப வேண்டியதில்லை.

ஐந்தாவது, நம் காலத்திற்குப் பின் என்னவாகும் என்னும் கவலை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கென்றே பிறந்தது. அதன் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்கின்றது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பெற்றோராயினும் சட்டப்படி காப்பாளராக நியமனம் பெற வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அந்த நியமனத்தை அளிக்கின்றது. பொருளை நிருவகிக்க அறியாதோரிடம் அதை ஒப்படைத்துவிடாமல், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவுடன் பேசுமாறு திருமறையின் அன்னிஸா அத்தியாயம் நமக்குப் பணித்திருப்பதை அறிவீர்கள். காப்பாளர் என்னும் பொறுப்பு நமக்குப் புதியதன்று.

அருகிலேயே ஒரு சான்று

இவையெல்லாம் ஏட்டில் இருக்கும், நடைமுறையில் நடக்குமா என்று ஐயுறுவோர் தென்காசியை அடுத்த ஆய்க்குடியைப் பார்க்கட்டும். கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த இராமகிருஷ்ணன் என்பவர், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாகிய 1981இல் அங்கு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுற்ற சங்கரராமன் என்னும் கணக்காயர் பின்னர் அவருடன் கைகோத்தார். இன்று அந்நிறுவனத்தின் களப்பணியாளர்கள் சிற்றூர்களுக்குச் சென்று, குழந்தையின் வீட்டிலேயே தாய்க்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுக்கின்றனர். இராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதைவிடப் பெரிது, சேவை குழந்தையைத் தேடிச் செல்லலாம் என்பதை அவர்கள் மெய்ப்பித்துக் காட்டியதாகும். விரும்பிய வீதிக்கு வருவதாக அண்ணலார் மொழிந்ததன் பொருளும் அதுவன்றோ?

ஜமாஅத்தின் கடமை

இத்தனை கதவுகள் இருந்தும் அந்தத் தாய் ஏன் உள்ளே செல்வதில்லை? ஒரு கதவுக்கும் மறு கதவுக்கும் இடையிலுள்ள வழியை அவள் தனியாக நடக்க வேண்டியிருக்கின்றது என்பதுதான் காரணம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின் பயணம் சற்றுக் குறைந்தது. ஆயினும் சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒருநாள் போனால் அன்றைய தறிக்கூலி இல்லை. கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காத பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு வரிசையில் காத்திருந்து, ஒரு தாள் குறைகின்றது என்று கேட்டுத் திரும்பியவள் மறுமுறை போகத் தயங்குவது இயல்பு. கணவர் வளைகுடா நாட்டில் இருந்தால் அத்தயக்கம் இரட்டிப்பாகும்.

இது அரசின் குறையல்லவா என்று கேட்பீர்கள். ஆம், அரசின் குறையே. ஓரிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஐந்து இடங்களுக்கு அலையவிடுவது நியாயமன்று. சான்றிதழும் உதவித்தொகையும் பயிற்சியும் சங்கரன்கோவிலிலேயே கிடைக்க வேண்டுமென்று ஜமாஅத்தார் ஒன்றுகூடி ஆட்சியரிடம் மனு அளிக்கட்டும். ஆனால் அந்த மனு நிறைவேறும்வரை குழந்தையின் வயது காத்திருக்காது.

ஆகவே, ஜமாஅத் பெரியோர்களே, ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் மஹல்லாவில் எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இப்பணிக்கென நியமியுங்கள். இத்தகைய குழந்தைகள் உள்ள வீடுகளை அவர்கள் அறிந்திருக்கட்டும். விண்ணப்பத்தை நிரப்பி, தாள்களைச் சரிபார்த்து, குறித்த நாளில் அந்தத் தாயுடன் பேருந்து ஏறட்டும். வழிச்செலவையும், இழந்த ஒருநாள் கூலியையும் பைத்துல்மால் ஏற்கட்டும். நிக்காஹ் பதிவேட்டை ஒழுங்காகப் பேணும் நமக்கு இதற்கென்று இன்னொரு குறிப்பேடு வைப்பது கடினமா?

பள்ளிவாசல் வரிசையில் அத்தகைய பிள்ளை ஒலியெழுப்பினால் முகம் சுளிப்போர்க்கும் ஒரு சொல். பார்வையற்ற தோழர் ஒருவர் வந்தபோது முகம் கடுத்ததற்காக ஒரு முழு அத்தியாயத்தின் தொடக்கமே அருளப்பட்டது. முகம் கடுத்தல் என்பதே அதன் பெயரும் ஆயிற்று. அந்தத் தோழரையே அண்ணலார் பின்னர் மதீனாவில் தமக்குப் பகரமாகப் பொறுப்பில் அமர்த்தினார்கள். இந்தப் பாடம் நமக்குப் போதாதா?

தாய்மார்களே, உங்கள் குழந்தை உங்கள் பாவத்தின் தண்டனையன்று. உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்காக ஓர் அலுவலகத்தின் படியேறுவது இரத்தலன்று, அமானிதத்தைப் பேணுதலாகும். நாளையே அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசுங்கள். மற்றவர்களே, அவளுடன் ஒருநாள் நடந்து செல்லுங்கள்.

எந்த வீதியில் ஒரு தாய் நம்மை எதிர்பார்த்து நிற்கின்றாளோ அந்த வீதிக்குச் செல்லும் மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.