அரசமரம் இரவில் பிராணவாயு தருமா?

"புளியமரத்தடியில் ராத்திரி படுக்காதேடா, பேய் அடிக்கும்" என்கிறாள் பாட்டி.

பள்ளிக்கூடம் போகும் பேரன் சிரிக்கிறான். "பேயும் இல்லை, பிசாசும் இல்லை பாட்டி. மரம் ராத்திரியில் கரியமில வாயுவை விடும். அதைச் சுவாசித்தால் மூச்சு முட்டும். அதைத்தான் பேய் என்று சொல்லி வைத்தார்கள்" என்கிறான்.

பாட்டி விடுவதாய் இல்லை. "அப்படியானால் பிள்ளையார் கோவில் அரசமரத்தடியில் மட்டும் படுக்கலாமோ?"

"அது வேறே. அரசமரம் ராத்திரியிலும் பிராணவாயு தரும். அதனால்தான் பெரியவர்கள் அதைச் சுற்றி வரச் சொன்னார்கள்."

கேட்டுக்கொண்டு இருப்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். படித்த பிள்ளை அல்லவா?

பேரன் சொன்னது இரண்டும் தவறு. பாட்டியின் பேயை விரட்டிவிட்டு, அதே இடத்தில் வாயுவின் பெயரால் இன்னொரு பேயைக் குடிவைத்து விட்டான். அவன்மீது குற்றம் இல்லை. அவனுக்குச் சொல்லித் தரப்பட்ட விதம்தான் குற்றம்.

"செடிகள் பகலில் கரியமில வாயுவை எடுத்துப் பிராணவாயுவை விடும், இரவில் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடும்." இந்த வாக்கியம் காலம் காலமாக வாயிலிருந்து வாய்க்கு வருகிறது. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. மனப்பாடம் செய்வதும் எளிது. ஆனால் இதைக் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? செடி பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் மூச்சு விடுகிறது என்று நினைக்கும்.

செடி செய்வது இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று, சமையல். இன்னொன்று, மூச்சு.

சமையல் நடப்பது பச்சை இலையில். காற்றிலிருந்து கரியமில வாயு வருகிறது. வேரிலிருந்து தண்ணீர் வருகிறது. அடுப்பு, சூரியன். இவற்றைக்கொண்டு இலை சர்க்கரையைச் செய்கிறது. மீந்து போகும் பிராணவாயுவை வெளியே விடுகிறது. இதைத்தான் ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

மூச்சு அப்படி அல்ல. மனிதனைப்போலவே செடியும் இரவு பகல் எந்நேரமும் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. பகலில் சமையல் மும்முரமாக நடப்பதால் இந்த மூச்சு வெளியே தெரிவதில்லை. இரவில் அடுப்பு அணைந்ததும் மூச்சு மட்டும் மிஞ்சுகிறது. வேறு ஒன்றும் புதிதாய் நடக்கவில்லை.

சரி, அந்த மூச்சு மனிதனுக்கு மூச்சுமுட்ட வைக்குமா? காற்றில் 10,000 பங்கு இருந்தால் கரியமில வாயு 4 பங்குக்குச் சற்று அதிகம். பிராணவாயுவோ 2,100 பங்கு. திறந்த வெளியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு புளியமரம் அதை என்ன செய்துவிட முடியும்? மரத்தை விடுங்கள். படுத்து ஓய்வெடுக்கும் மனிதன் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறான். ஒரே அறையில் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி விடுகிற கரியமில வாயு, ஜன்னலோரம் இருக்கும் தொட்டிச் செடி விடுவதைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். அதற்காகத் தம்பியை யாரும் வெளியே தள்ளுவது இல்லையே!

வெள்ளைக்காரர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மருத்துவமனை நர்சுகள், நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் பூ ஜாடியை இரவில் வெளியே எடுத்து வைப்பார்களாம்.

<b>ஹாலந்து நாட்டு டாக்டர்</b>

இனி, அரசமரம். இதற்கு விடை 1779-லேயே கிடைத்துவிட்டது.

ஹாலந்து தேசத்தில் பிறந்தவர் யான் இங்கென்ஹவுஸ். டாக்டர். 1768-ல் வியன்னாவுக்குப் போய், ஆஸ்திரிய அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அம்மை குத்திப் பெயர் வாங்கியவர். அவர் 1779 கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கினார். மூன்று மாதத்துக்குள் 500-க்கு மேற்பட்ட சோதனைகள் செய்தார்.

இலைகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தார். இலையின்மேல் குமிழி குமிழியாய்க் காற்று கிளம்பியது. இருட்டில் வைத்தார். குமிழி நின்றது. ஒருவேளை வெயிலின் சூடு காரணமாக இருக்குமோ? அதையும் சோதித்தார். சூடு அல்ல, வெளிச்சம்தான் காரணம் என்று கண்டார். பச்சைப் பாகங்களுக்கு மட்டுமே இந்தச் சக்தி உண்டு, வேருக்கும் பூவுக்கும் இல்லை என்றும் கண்டார். இரவில் செடிகள் காற்றைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் பகலில் செய்யும் நன்மைக்கு முன் அது மிகக் குறைவு என்று அவரே எழுதி வைத்தார். அந்தப் பிற்பாதியை மக்கள் மறந்துவிட்டார்கள்!

வெளிச்சம் ஏன் வேண்டும்? இது தெரிய இன்னும் 160 வருஷம் ஆயிற்று. இலை விடுகிற பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று பலர் எண்ணியிருந்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரூபன், காமன் முதலிய விஞ்ஞானிகள், எடை கூடிய ஒருவகைப் பிராணவாயு கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தது அந்த எடை கூடிய பிராணவாயுவே! ஆகவே, தண்ணீர் உடைந்துதான் பிராணவாயு வருகிறது. தண்ணீரை உடைக்கும் சம்மட்டி, வெளிச்சம்.

அரசமரத்துக்கும் அதே சம்மட்டிதான். இருட்டில் அதற்கும் வேலை நடக்காது. அரசமரத்தைக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். பகலெல்லாம் நிழலும் பிராணவாயுவும் தருகிற மரத்துக்கு, இரவில் செய்யாத வேலைக்காகப் புகழ் எதற்கு?

<b>தொட்டிச் செடி வியாபாரம்</b>

இப்போது நகரங்களில் "இரவில் பிராணவாயு தரும் செடி" என்று சொல்லித் தொட்டிச் செடிகளை விற்கிறார்கள். கற்றாழையைப் பற்றியும் இப்படிச் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை முழுப் பொய்யைவிடப் பொல்லாதது.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவர நிபுணர் ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நேரம் ஏற ஏறப் புளிப்புக் குறைந்தது. நண்பகலில் ருசியே இல்லை. இதை எழுதிய அவருடைய கடிதம் 1815-ல் லண்டனில் அச்சாயிற்று. (பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ரணகள்ளியில் விஷச் சத்து உண்டு.)

காரணம் என்ன? ரணகள்ளி, கற்றாழை, அன்னாசி போன்றவை வறட்சிக்குப் பழகியவை. பகல் வெயிலில் இலையின் சின்னஞ்சிறு துவாரங்களைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஆகவே இரவில் திறக்கின்றன. கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பாக மாற்றிப் பத்திரப்படுத்துகின்றன. பொழுது விடிந்ததும் அதை எடுத்துச் சமைக்கின்றன. காய்கறியை ராத்திரி வாங்கி வைத்துக் காலையில் குழம்பு வைப்பதுபோல! காய்கறி வாங்குவதுதான் இரவில். அடுப்பு மூட்டுவது பகலில்தான். பிராணவாயு பிறப்பதும் பகலில்தான்.

செடி வாங்கட்டும். வீட்டுக்கு அழகு. ஆனால் ஆஸ்துமாக்காரர் படுக்கும் அறையில் இரண்டு தொட்டியை வைத்துவிட்டு, "பிராணவாயு வந்துவிடும்" என்று ஜன்னலை இறுக்கி அடைக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. கொசுவுக்குப் பயந்தால் ஜன்னலுக்கு வலை அடிக்கலாம். நோயாளிக்கு வேண்டியது காற்றோட்டமும் டாக்டரின் மருந்தும். தொட்டி இரண்டையும் தராது.

இத்தனைக்கும் அந்த வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருப்பான். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்ற கேள்விக்குப் பிழை இல்லாமல் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பான். "வெளிச்சம்" என்ற சொல்லும் அவன் விடையில் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. "அரசமரம் நள்ளிரவில் என்ன செய்து கொண்டிருக்கும்?" என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்தால், முழு மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள்?

சோதனைச் சாலை இல்லை, சாமான் இல்லை என்று பள்ளிக்கூடங்கள் சொல்கின்றன. மற்றப் பாடங்களுக்கு அது நியாயமான குறைதான். இந்தப் பாடத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. குளத்துத் தண்ணீருக்குள்ளேயே வளரும் பச்சைக் கொடி ஒரு கைப்பிடி, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போதும். இரண்டு டம்ளரிலும் தண்ணீரை ஊற்றிச் சோடாவைக் கரைக்க வேண்டும். ஒன்றில் மட்டும், வெட்டிய முனை மேலே இருக்கும்படி கொடியை அமிழ்த்த வேண்டும். இரண்டையும் வெயிலில் வைக்க வேண்டும். சிறிது நேரத்தில் கொடியின் முனையிலிருந்து மணி மணியாகக் குமிழி கிளம்பும். கொடி இல்லாத டம்ளரில் அப்படி வராது. கொடி உள்ள டம்ளரை இருட்டறைக்குள் கொண்டுபோனால் குமிழி மெதுவாக நின்றுவிடும். திரும்ப வெயிலுக்குக் கொண்டுவந்தால் திரும்பவும் கிளம்பும்.

பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டலாம்.