பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' இருந்தால் போதுமா? ஜூஸ் பாக்கெட் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மெடிக்கல் ஷாப்பில் போய் "ஒரு ஓ.ஆர்.எஸ் கொடுங்க" என்று கேட்டால், பல கடைகளில் கைக்கு வந்தது பவுடர் இல்லை; ஆப்பிள், ஆரஞ்சு ஃப்ளேவரில் ஒரு ஜூஸ் பாக்கெட். பெயரிலும் ஓ.ஆர்.எஸ் இருந்ததால் பெற்றோர் நம்பிக் கொடுத்தார்கள்.

இதற்குத்தான் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் முற்றுப்புள்ளி வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் இல்லாத எந்தப் பானமும் பெயரில் ஓ.ஆர்.எஸ் என்று போடக்கூடாது. 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ் அல்ல' என்று குறிப்பிட்டால் போதும் என 2022-ல் தந்த அனுமதியும் ரத்தானது. இதற்காகப் பல வருடங்கள் போராடியவர் ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ்.

அப்படி என்ன வித்தியாசம்?

1 லிட்டர் ஓ.ஆர்.எஸ் கரைசலில் இருப்பது இவ்வளவுதான்:

* குளுக்கோஸ் - 13.5 கிராம்
* சோடியம் குளோரைடு (உப்பு) - 2.6 கிராம்
* பொட்டாசியம் குளோரைடு - 1.5 கிராம்
* சோடியம் சிட்ரேட் - 2.9 கிராம்

நம் சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகும். அவை போகும்போது தண்ணீரும் பின்னாடியே போகும். வயிற்றுப்போக்கு நேரத்திலும் இந்த வழி வேலை செய்யும். அதுதான் ஓ.ஆர்.எஸ்ஸின் ரகசியம்.

சர்க்கரை அதிகமானால் கதையே தலைகீழ். கரைசல் எந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிறதோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். அதனால் இனிப்பு பானம் குடித்தால், உடம்பில் இருக்கும் தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு இன்னும் அதிகமாகலாம். தேவையான உப்பும் கிடைக்காது.

உயிர் காக்கும் என்பதற்கு என்ன சாட்சி?

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோனதால், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு - குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2023-ல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

எப்படிக் கொடுக்கணும்?

* பாக்கெட்டில் 'உலக சுகாதார நிறுவன ஃபார்முலா' என்று இருக்கிறதா பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும்.
* 1 லிட்டர் பாக்கெட் என்றால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். பாதி பவுடரை டம்ளரில் கலப்பது தப்பு.
* ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.
* பாக்கெட் கிடைக்காத அவசரத்தில்: 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
* தாய்ப்பால், வழக்கமான சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

கண் உள்ளே போவது, சிறுநீர் வராதது, குழந்தை துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம் - இதில் எது தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.