ஜீப்பின் ‘அடிப்படை அம்சம்’ எது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கு ஒற்றை வாக்கியத்தில் விளக்கம் தருகிறது. வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படை அம்சத்தையே மாறச் செய்வது எதுவோ, அதுவே மாற்றம். அடிப்படை அம்சம் யாது என்பதை அவ்விளக்கம் சொல்லவில்லை. தொல்காப்பிய உரையாசிரியர்கள் கையில் இப்படியொரு நூற்பா கிடைத்திருந்தால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருப்பர். கேரளத்திலோ அவ்வுரையை எழுதும் பொறுப்பு சாலையோரம் நிற்கும் வாகன ஆய்வாளரிடம் விடப்பட்டிருக்கிறது.

2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் இப்பிரிவை விளக்கியது. வழக்கு கேரளத்திலிருந்து சென்றது. மாநில விதிகளை முன்னிறுத்தி உயர்நீதிமன்றம் அளித்திருந்த தளர்வை நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு நீக்கியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றலாகாது. மாநில விதி மையச் சட்டத்தை மிஞ்சாது. சட்ட நோக்கில் குறை காண்பதற்கில்லாத தீர்ப்பு. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ விதிக்க வழிசெய்தது. சிக்கல், எல்லா மாற்றங்களும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டதில் இருக்கிறது.

மலையாளத்தில் ‘பொக்குதல்’, தமிழில் ‘தூக்குதல்’ என்று பொதுவாகச் சொன்னாலும், பட்டறைக்காரர் அதற்குள் மூன்று வேலைகளைப் பிரித்தறிவார். 2020இல் வந்த மஹிந்திரா தாரின் உயர்வகை மாதிரிகளில் 255/65 ஆர்18 அளவு டயர் வருகிறது. அதன் விட்டம் ஏறத்தாழ 789 மி.மீ. அவ்விடத்தில் 285/65 ஆர்18 பூட்டினால் விட்டம் 828 மி.மீ. ஆகும். தரையிலிருந்து அச்சுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் இதில் பாதி, அதாவது 19.5 மி.மீ. மட்டுமே. ஆயினும் கல்லும் வேரும் நிறைந்த பாதையில் டிஃபரென்ஷியல் தரையில் இடிக்காமல் காக்க டயரைப் பெரிதாக்குவதைத் தவிர எளிய வழியில்லை. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு உயராது.

பெரிய டயர் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதும், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போதும் ஃபெண்டரில் உரசும். அதற்கு இடம் உண்டாக்கவே மேற்சொன்ன மூன்று வழிகள். சஸ்பென்ஷன் லிஃப்ட், சேசிஸையும் உடலையும் சேர்த்தே உயர்த்துகிறது. பாடி லிஃப்ட், சேசிஸுக்கும் உடலுக்கும் இடையே ஸ்பேசர் வைத்து உடலை மட்டும் உயர்த்துகிறது. அப்போது ஸ்டியரிங் தண்டின் இணைப்பு, ரேடியேட்டர் விசிறியின் உறை, கியர் தண்டு ஆகியவற்றைச் சரிசெய்யாவிட்டால் ஆபத்து. மூன்றாவது வழி, ஃபெண்டரையே வெட்டுவது. இதில் வண்டியின் ஈர்ப்பு மையம் துளியும் உயர்வதில்லை. 22 கொண்டையூசி வளைவுகள் கொண்ட பொன்முடிச் சாலையில் இறங்கும் வண்டிக்கு இது சிறிய விஷயமன்று.

ஆனால் ‘கட்டமைப்பு’ என்ற சொல்லைக் கையிலெடுத்து நோக்கும் ஆய்வாளருக்கு முதலில் தென்படுவது வெட்டுத்தான். தகடு அறுபட்டிருக்கிறது, ஆகவே கட்டமைப்பு மாறியிருக்கிறது. கவிழும் வாய்ப்பைக் கூட்டும் இரண்டு அங்குல சஸ்பென்ஷன் உயர்வோ போல்ட்டில் பூட்டப்பட்டு, கண்ணுக்கு எளிதில் படாமல் தப்பிவிடுகிறது. தனி சேசிஸ் மீது அமர்ந்த ஜீப்பின் முன் ஃபெண்டர் பாரம் தாங்கும் உறுப்பன்று. சேசிஸும் உடலும் ஒன்றேயான கார்களில் சக்கர வளைவை வெட்டுவது முற்றிலும் வேறு செயல். ஜீப்பிலும்கூடப் பின்சக்கர வளைவின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் வெட்டிய பின் மீண்டும் பற்றவைக்காமல் விட்டால், சங்குமுகம் கடற்காற்றில் துரு ஏற நெடுங்காலம் ஆகாது. இவ்வேறுபாடுகளுள் ஒன்றுக்கேனும் ‘அடிப்படை அம்சம்’ என்ற தொடரில் இடமில்லை.

துறையின் கவலை வீணானதன்று. 2024 ஜூலையில் வயநாட்டின் பனமரத்தில் பெரிய டயர் பூட்டிய திறந்த ஜீப் பொதுச்சாலையில் ஓடிய காட்சி பரவியதும் உயர்நீதிமன்றமே தலையிட்டது. ஃபெண்டருக்கு வெளியே துருத்தும் டயர், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்மீது கல்லை வாரி இறைக்கும். மேற்கண்ட டயர் மாற்றத்தில் வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 63 ஆகிவிடும். நீள்கிற நிறுத்தத் தூரம் அதைவிடப் பெரிய கேள்வி. இதற்கு மறுபுறமும் உண்டு. அத்தீர்ப்புக்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மீட்புக்கு இறங்கியவற்றுள் இத்தகைய உயர்த்திய ஜீப்புகளும் இருந்தன. வெள்ளத்தில் எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் ஸ்நார்கெல் குழாய் ஃபோர்ஸ் கூர்காவில் தயாரிப்பாளரே பூட்டித் தருவது. அதையே பட்டறை வேறொரு ஜீப்பில் பூட்டினால் ‘மாற்றமா’ என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது.

ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களை அங்கீகரிக்கப்பட்ட வல்லுநர் ஆராய்ந்து, ஏற்றவற்றை வாகன ஆவணத்தில் பதிவுசெய்கிறார். மாற்றங்களுக்கான தரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தமே மைய அரசுக்கு அளித்திருக்கிறது. விட்டம் எத்தனை மில்லிமீட்டர் கூடலாம், டயரின் வெளிவிளிம்பு ஃபெண்டருக்குள் அடங்குகிறதா, வெட்டிய விளிம்பு பற்றவைக்கப்பட்டதா, வேகமானி திருத்தப்பட்டதா, பிரேக் சோதிக்கப்பட்டதா என எல்லாம் அளவுகோலில் அடங்கும் வினாக்கள். 1939இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களிடம் இச்சோதனையை ஒப்படைக்கலாம். முதற்படியாக, அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தக் கோரும் கடிதம் வழுதக்காட்டிலுள்ள போக்குவரத்து ஆணையர் அலுவலகத்திலிருந்து புதுதில்லிக்குச் செல்ல வேண்டும்.